தொடரும் பக்கமும்



இலக்கண வகுப்பில் ‘தொடர்’ என்னும் சொல்லைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று பொருள் தருவதைத் தொடர் என்கிறோம். உங்கள் வீட்டுப் பெரியோர் மாலை வேளைகளில் தொலைக்காட்சியில் பார்க்கும் கதைக்கும் தொடர் என்றே பெயர். முதல்நாள் நின்ற இடத்திலிருந்து மறுநாள் கதை செல்வதால் அது தொடர் ஆயிற்று. இதே சொல் அறிவியலிலும் உண்டு. நீங்கள் பாடநூலில் ‘சீரீஸ்’ என்று ஆங்கிலத்தில் படிப்பதைத் தமிழில் ‘தொடரிணைப்பு’ என்கிறோம். ‘பேரலல்’ என்று படிப்பதைப் ‘பக்க இணைப்பு’ என்கிறோம். மின்சாரம் செல்லும் வழியை அமைப்பதில் இவ்விரண்டும் அடிப்படை முறைகள்.

நான் தமிழாசிரியன். எனினும் இவ்விரு முறைகளையும் பள்ளி நூலில் படிப்பதற்கு முன்பே நேரில் பார்த்திருக்கிறேன். தென்காசிக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரில், என் தாய்மாமன் ஒலிபெருக்கியும் விளக்குகளும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கோயில் கொடை, திருமணம், பூப்பு நீராட்டு என எந்த விழாவாயினும் அவருடைய வண்டி அங்கே நிற்கும். பந்தலைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகச் சிறு குமிழ்களைக் கோத்துக் கட்டுவார். ஊரில் அதற்குச் ‘சீரியல் செட்டு’ என்று பெயர். வட இந்தியாவில் நீங்கள் தீபாவளிக்கு மாடத்தில் தொங்கவிடும் ‘லடி’ அல்லது ‘ஜாலர்’ என்பதும் அதுவே. குமிழ்கள் தொடரிணைப்பில் இருந்தமையால்தான் அதற்குச் சீரியல் என்று பெயர் வந்தது.

அக்காலச் சரம் ஒன்றில் 40 குமிழ்கள் இருந்தன என்று கொள்வோம். நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அச்சிறு குமிழ் ஒன்றை நேராக 230 வோல்ட்டில் இணைத்தால் நொடியில் கருகிவிடும். ஆனால் 40 குமிழ்களையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், 230 வோல்ட்டை அவை தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட்டே கிடைக்கிறது. ஆகவே கருகாமல் எரிகின்றன. மின்னோட்டமோ பகிரப்படுவதில்லை. செல்வதற்கு ஒரே வழிதான் இருப்பதால், முதற்குமிழ் வழியாகச் செல்லும் அதே மின்னோட்டம் நாற்பதாம் குமிழ் வழியாகவும் செல்கிறது. தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் ஒன்றே, மின்னழுத்தம் பங்கிடப்படுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழி ஒன்றே என்பதால் அதில் ஓர் இடம் அறுந்தாலும் ஓட்டம் முழுதும் நின்றுவிடும். ஒரு குமிழின் இழை அறுந்தால் பந்தல் முழுவதும் இருண்டுவிடும். அப்போது மாமா ஏணியில் ஏறி எது பழுது என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். மாற்றுக் குமிழ் கையில் இல்லாதபோது, சிலர் பழுதான குமிழை வெட்டியெறிந்துவிட்டு இரு கம்பி முனைகளையும் முறுக்கி இணைத்துவிடுவது வழக்கம். விளக்குகள் மீண்டும் எரியும். ஆயினும் 5 குமிழ்களை இவ்வாறு நீக்கிவிட்டால், எஞ்சிய 35 குமிழ்கள் 230 வோல்ட்டைப் பகிர வேண்டும். ஒவ்வொன்றின் பங்கும் 6.5 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்துவிடும். விலகியவற்றின் பங்கையும் இருப்பவை சுமப்பதால் அவையும் விரைவில் கருகும். மாமா அவ்வாறு செய்வதை ஒருபோதும் ஏற்கமாட்டார்.

அவர் எங்களை எச்சரித்த மற்றொன்றும் உண்டு. சரம் அணைந்திருந்தால் அதில் மின்சாரம் இல்லை என்று சிறுவர்கள் எண்ணுவோம். அது தவறு. சரத்தில் ஓர் இழை அறுந்தால் மின்னோட்டம் நிற்கும்; ஆனால் அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட் முழுமையாக நிற்கும். அவ்விடைவெளியை விரலால் தொடுபவர், அறுந்த இழைக்குப் பதிலாகத் தம் உடலையே வழியாக்கிவிடுகிறார். “இருட்டா இருக்குதேன்னு கையை வைக்காத மருமகனே, பிளக்கைப் பிடுங்கிட்டு அப்புறம் தொடு” என்பார். ஆறு வோல்ட்டுக் குமிழ்தானே என்று எண்ணித் தொட்டவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார்.

இவ்வளவு குறையிருப்பினும் மாமா தொடரிணைப்பைப் பழித்ததில்லை. அவருடைய மேசையில் ‘சீரியல் போர்டு’ என்றொரு பலகை இருந்தது. அதில் ஒரு 100 வாட் குமிழும் ஒரு பிளக் வாயும் தொடரிணைப்பில் இருந்தன. பழுது பார்த்த ஒலிபெருக்கியை நேராக மின்சாரத்தில் இணைக்காமல் முதலில் அந்தப் பலகையில் இணைப்பார். ஒலிபெருக்கி நலமாக இருந்தால் குமிழ் மங்கலாக எரியும். உள்ளே எங்கேனும் கம்பி அறுந்திருந்தால் குமிழ் எரியாது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டிருந்தால் குமிழ் முழு ஒளியுடன் எரியும். குறுக்குச்சுற்றில் பாய வேண்டிய பெருமின்னோட்டத்தைக் குமிழின் மின்தடை மட்டுப்படுத்திவிடுவதால் ஒலிபெருக்கியும் எரியாது. கடையின் மின் உருகியும் போகாது. ஒரே வழி, அவ்வழியில் ஒரு தடை. அதுவே அங்கே காவலாக இருந்தது.

அந்தப் பலகையில் மாமா ஒரு வேடிக்கையும் காட்டுவார். 100 வாட் குமிழோடு தொடராக ஒரு 40 வாட் குமிழை இணைப்பார். எது மிகுதியாக ஒளிரும் என்று கேட்பார். நாங்கள் எல்லாரும் 100 என்போம். ஆனால் 40 வாட் குமிழே நன்கு ஒளிரும். 100 வாட் குமிழ் மிக மங்கலாக இருக்கும். காரணம் எளிது. 40 வாட் குமிழின் இழைக்கு மின்தடை மிகுதி. இரண்டிலும் ஒரே மின்னோட்டம் செல்லும்போது, மின்தடை மிக்கதே மின்னழுத்தத்தில் பெரும்பங்கைப் பெறுகிறது. இரண்டையும் பக்க இணைப்பில் வைத்தால் முறை மாறி 100 வாட் குமிழே மிகுதியாக ஒளிரும். ஒரு பொருளின் இயல்பு மட்டுமன்றி, அது எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது என்பதும் அதன் செயலைத் தீர்மானிக்கிறது.

இனிப் பக்க இணைப்பைக் காண்போம். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ரயில் நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். வெளியேறுவதற்கு ஒரு வாயிலும், அதனையடுத்து மற்றொரு வாயிலும் இருந்தால் கூட்டம் இரண்டையும் கடந்தாக வேண்டும், நெரிசல் மிகும். அவ்விரு வாயில்களையும் பக்கம் பக்கமாக அமைத்தால் கூட்டம் பிரிந்து எளிதாக வெளியேறும். மின்தடையும் இத்தகையதே. 10 ஓம் மின்தடை உடைய இரண்டைத் தொடராக இணைத்தால் மொத்தத் தடை 20 ஓம். அவற்றையே பக்கத்தில் பக்கமாக இணைத்தால் மொத்தத் தடை 5 ஓம். வழிகள் பெருகப் பெருகத் தடை குறையும். தடை குறையக் குறைய மூலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கூடும்.

ஒரு சிறு கணக்கால் இதைத் தெளியலாம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதி. 3 வோல்ட் மின்கல அடுக்கில், 10 ஓம் தடையுள்ள இரு சிறு விளக்குகளை இணைப்போம். தடை மாறாதிருப்பதாகவே கொள்வோம். தொடரிணைப்பில் மொத்தத் தடை 20 ஓம் ஆதலால் மின்னோட்டம் 0.15 ஆம்பியர், ஒவ்வொரு விளக்குக்கும் 1.5 வோல்ட். பக்க இணைப்பில் ஒவ்வொரு விளக்கும் முழு 3 வோல்ட்டையும் பெறுகிறது, ஒவ்வொன்றிலும் 0.3 ஆம்பியர் செல்கிறது. ஆகவே அடுக்கிலிருந்து வெளிவருவது 0.6 ஆம்பியர். விளக்குகள் அவையே, மின்கலமும் அதுவே. இணைப்பு மாறியதும் மூலத்தின் மீதான சுமை நான்கு மடங்காயிற்று.

நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவை எல்லாம் பக்க இணைப்பிலேயே உள்ளன. அதனால்தான் ஒன்றை அணைத்தாலும் மற்றவை இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 230 வோல்ட்டை முழுமையாகப் பெறுகிறது. தெருக்களில் முதலில் ஒளிர்ந்த வில்விளக்குகளைத் தொடரிணைப்பில் அமைத்திருந்தனர். வீட்டுக்குள் அம்முறை உதவாது. ஒருவர் தம் அறை விளக்கை அணைத்தால் தெருவே இருண்டுவிடும் அன்றோ? தாமஸ் ஆல்வா எடிசன், மின்தடை மிகுந்த இழையுடைய விளக்கை உருவாக்கிப் பக்க இணைப்பில் அமைத்தார். 1882ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய மின்நிலையம் அம்முறையிலேயே மின்சாரம் வழங்கியது. இன்றைய தீபாவளிச் சரங்கள் பலவற்றிலும் பல சிறு தொடர்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருக்கிறார்கள். அதனால்தான் பழுதுற்ற சரத்தில் ஒரு பகுதி மட்டும் இருண்டிருக்கக் காண்கிறீர்கள்.

ஒவ்வொன்றும் தனித்து இயங்கும் உரிமையைப் பக்க இணைப்பு தருகிறது. ஆயினும் அவ்வுரிமைக்கு ஒரு விலை உண்டு. பிரிந்து செல்லும் மின்னோட்டங்கள் எல்லாம் ஒரு பொதுக் கம்பியின் வழியாகத்தான் வருகின்றன. கிளைகள் எத்தனையோ அத்தனையின் சுமையும் அப்பொதுக் கம்பியின் மேல் விழுகிறது. இதை நான் தில்லிக்குப் பணி மாறுதல் பெற்று வந்த பின்னர், ஒரு குளிர்காலத்தில் கண்கூடாக உணர்ந்தேன்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தந்தையார் உணவகம் ஒன்றில் சமையற்பணி செய்தார். தாய், பாட்டி, தம்பி என ஐவரும் ஒரே அறையில் குடியிருந்தனர். சனவரி மாத இரவு ஒன்றில், ஒரு 6 ஆம்பியர் பிளக் வாயில் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலேயே எல்லாவற்றையும் இணைத்திருந்தனர். வாளியில் தண்ணீர் காய்ச்சும் ராடு, பாட்டி குளிர்காய ஒரு ஹீட்டர், தொலைக்காட்சி ஆகிய மூன்றும் அதில் இருந்தன. சிறிது நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுந்தது. யாரும் எழுந்து பார்ப்பதற்குள் பாக்ஸ் உருகித் திரைச்சீலையில் தீப்பற்றியது. தந்தையார் ஓடிச்சென்று மெயின் சுவிட்சை அணைத்துத் தீயையும் அடித்து அணைத்தார். திரைச்சீலையும் மாணவியின் இரண்டு குறிப்பேடுகளும் எரிந்தன. பாட்டி காலில் போர்த்தியிருந்த கம்பளியின் ஓரம் கருகியிருந்தது. நெருப்பு அதற்கு மேல் செல்லாதது நற்பேறு.

மறுநாள் நான் அவ்வீட்டுக்குச் சென்றேன். மாணவியே ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டாள். ராடின் மேல் 1500 வாட் என்று அச்சிட்டிருந்தது. வாட் எண்ணை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ராடுக்கு 6.5, 1000 வாட் ஹீட்டருக்கு 4.3, 60 வாட் தொலைக்காட்சிக்கு 0.3 என மொத்தம் 11 ஆம்பியரை அக்கணக்கு தாண்டியது. ராடு ஒன்று மட்டுமே 6 ஆம்பியரைக் கடந்துவிட்டது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். அதாவது மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 6 ஆம்பியருக்குரிய கம்பியில் 11 ஆம்பியர் சென்றால் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேலாகும். அவள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, “ஐயா, இந்தக் கணக்கில் நான் பள்ளியில் முழு மதிப்பெண் வாங்கினேன்” என்றாள்.

அவ்வேளையில் மின்பணியாளர் ஒருவர் வந்து ‘பீஸ் கட்டை’யைக் கழற்றிக் காட்டினார். மின் உருகியைத்தான் நாம் பீஸ் என்கிறோம். அதில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த மெல்லிய கம்பி போன்ற, எளிதில் உருகும் இழை இருக்க வேண்டும். அவ்விடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். அடிக்கடி பீஸ் போகிறதே என்று, முன்பு குடியிருந்தோர் யாரோ செய்த வேலை.

மின் உருகி ஏன் தொடரிணைப்பில் இருக்கிறது என்பது அப்போது அவ்வீட்டார் அனைவருக்கும் விளங்கியது. பந்தலில் ஒரு குமிழ் அறுந்தால் எல்லாம் நிற்கும் என்பது குறை. அதே இயல்பை வீட்டுப் பொதுக்கம்பியில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் உருகி முதலில் உருகும். வழி ஒன்றே ஆதலால் பின்னால் உள்ள எல்லாவற்றிலும் ஓட்டம் நிற்கும். நாம் கையால் போடும் சுவிட்சும், இக்கால வீடுகளில் தானாகக் கீழே விழும் எம்.சி.பி.யும் தொடரிணைப்பில் இருப்பது இதனாலேயே. கருவிகள் பக்கத்தில் நிற்க, காவல் தொடரில் நிற்பதே நல்ல வீட்டின் மின்னமைப்பு. அறுவதே உருகியின் கடமை. அறாத கம்பியை அங்கே வைப்பவர், காவலனைக் கட்டிப்போட்டுவிட்டு உறங்குகிறார்.

மாணவர்களே, அன்று என் மனத்தை உறுத்தியது வேறொன்று. அம்மாணவிக்குத் தெரிந்த கணக்கு, அவள் தாய்க்கும் பாட்டிக்கும் தெரியவில்லை. அவர்கள் அறிவிலர் அல்லர்; பாட்டி நாள்தோறும் தமிழ் நாளிதழை எழுத்து விடாமல் படிப்பவர். ஆனால் கருவிகளின் மேல் உள்ள எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. பேத்தியின் பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளியில் கற்றது படலையைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. “இதை முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாமே கண்ணு?” என்று பாட்டி கேட்டார். “எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, பாட்டி” என்றாள் அவள். மின்னோட்டம், சுமை, உருகி ஆகிய சொற்கள் அவளிடம் அதுவரை இல்லை. அன்று மாலை அவள் அக்கணக்கைத் தமிழில் எழுதிப் பாட்டியிடம் கொடுத்தாள். பாட்டி கண்ணாடி அணிந்து இருமுறை படித்தார். பின்னர், ராடு போட்டிருக்கும்போது ஹீட்டரை அணைக்கச் சொல்லும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

நீங்களும் இவ்வாறு செய்யலாம். வீட்டில் உள்ள ஒவ்வொரு மின்கருவியிலும் ‘டபிள்யூ’ என்னும் எழுத்துக்கு முன் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை 230ஆல் வகுங்கள். ஒரே பாக்ஸில் இணைப்பவற்றின் ஆம்பியர் அளவுகளைக் கூட்டுங்கள். சிறிய பிளக் வாய் 6 ஆம்பியருக்கும் பெரியது 16 ஆம்பியருக்கும் உரியவை. சூடேற்றும் கருவிகளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைக்காமல் பெரிய வாயில் தனியே இணைக்கச் சொல்லுங்கள். செய்து பார்க்க விரும்பினால் டார்ச் மின்கலங்களையும் சிறு விளக்குகளையும் மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தைத் தொடாதீர்கள். பின்பு அக்கணக்கைத் தமிழில் எழுதி, வீட்டில் மூத்தவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல இயன்றால், இப்பாடத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள்.

பயிற்சி

1. தொடரிணைப்பில் மாறாதது எது? பக்க இணைப்பில் மாறாதது எது?

2. அணைந்திருக்கும் விளக்குச் சரத்தைத் தொடுவது ஏன் ஆபத்தானது?

3. மின் உருகியின் இடத்தில் தடித்த செம்புக் கம்பியை வைத்தால் நேரும் தீங்கை ஐந்து வரிகளில் எழுதுக.

4. ‘தொடர்’, ‘பக்கம்’, ‘சுற்று’ ஆகிய சொற்களை அறிவியல் பொருளிலும் பொதுப் பொருளிலும் அமைத்து வாக்கியங்கள் எழுதுக.

5. உங்கள் வீட்டில் உள்ள மூன்று மின்கருவிகளின் ஆம்பியர் அளவைக் கணக்கிட்டு, பாட்டிக்கோ தாத்தாவுக்கோ விளக்கும் கடிதம் ஒன்று வரைக.